ஈரம் புகாத பெட்டி உண்டா?

மழைக்காலத்தில் அடுப்படியில் இருக்கும் உப்பு ஜாடியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா, தோழியரே? மூடி இறுக்கமாகத்தான் இருக்கும். அதில் யாரும் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள். ஆயினும் உப்பு கசிந்து, கட்டி தட்டி, கரண்டியோடு ஒட்டிக்கொண்டு வரும். அந்த ஈரம் எங்கிருந்து வந்தது? இந்தச் சிறு கேள்வியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளாத காரணத்தால், எங்கள் அறிவியல் மன்றத்தார் இரண்டு மாதம் உழைத்துச் செய்த சூரிய மின்பலகை ஒன்றை ஒரே மழைக்காலத்தில் இழந்தோம். அந்தக் கதையையும், அதிலிருந்து நாங்கள் அறிந்துகொண்ட அறிவியலையும் இங்கே எழுதுகிறேன்.

2023 ஜூன் மாதம் நாங்கள் பிளஸ் ஒன் வகுப்பில் சேர்ந்தவுடன், சைக்கிள் கொட்டகைக்கு ஒரு விளக்குப் போட வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. மாலைத் தனிவகுப்பு முடிந்து வெளியே வந்தால் கொட்டகை இருட்டாக இருக்கும். கடையில் விற்கும் பேனலை வாங்கி மாட்டினால் ஒரு நாளில் வேலை முடிந்துவிடும். ஆனால் மன்றம் என்று ஒன்று எதற்கு இருக்கிறது? நாமே செய்வோம் என்று இயற்பியல் ஆசிரியையிடம் கேட்டோம். அவர்கள் சிரித்துக்கொண்டே, "செய்யுங்கள், ஆனால் கெட்டுப்போனால் ஏன் கெட்டது என்பதையும் நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்" என்றார்கள். அப்போது அதன் பொருள் எங்களுக்கு விளங்கவில்லை.

வெயிலுக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை. வேளச்சேரியிலிருந்து தாம்பரம் வரும் சாலையில் பள்ளிக்கரணையில் தேசிய காற்றாற்றல் நிறுவனம் இருக்கிறதல்லவா? பெயரில் காற்று இருந்தாலும், 2011 முதல் நாடெங்கும் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அமைத்தவர்களும் அவர்களே. சென்னைப் பக்கத்தில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் சராசரியாக நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 யூனிட் அளவுக்குச் சூரிய ஆற்றல் விழுகிறது. குறை எதுவும் சூரியனிடத்தில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சூரிய மின்கலம் என்பது சிலிக்கானால் ஆன மெல்லிய வில்லை. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். பொரித்த அப்பளத்தைக் கையில் எடுப்பது போல எடுக்க வேண்டும்; கொஞ்சம் அழுத்தினால் நொறுங்கிவிடும். (நாங்கள் வாங்கியவற்றில் 7 கலங்கள் அப்படியே போயின. யார் யார் உடைத்தது என்பதை இங்கே எழுத வேண்டாம் என்று தோழியர் கேட்டுக்கொண்டுள்ளனர்!) கலத்தின் முகத்தில் மயிரிழை போன்ற வெள்ளிக் கோடுகள் இருக்கும். வெயில் பட்டுப் பிறக்கும் மின்சாரத்தை அவை சேகரித்து, நடுவிலுள்ள பட்டைக் கோட்டுக்குக் கொண்டுவருகின்றன. ஒரு கலம் எவ்வளவு பெரியதானாலும் அரை வோல்ட் அளவே தரும். 12 வோல்ட் பேட்டரிக்கு மின்னேற்ற வேண்டுமானால் 36 கலங்களைத் தொடராகக் கோக்க வேண்டும். ஈயம் பூசிய தட்டையான செம்புக் கம்பியால் ஒன்றின் முகத்தையும் அடுத்ததன் முதுகையும் பற்றவைத்து, ஒன்பது ஒன்பதாக நான்கு வரிசை அமைத்தோம்.

பிறகு பெட்டி. பிளைவுட் பலகையை அடியில் வைத்து, ஓரத்தில் ஓர் அங்குல உயரத்துக்கு மரச்சட்டம் அடித்து, கலங்களைப் பலகையில் ஒட்டினோம். கண்ணாடி உடையுமே என்று பயந்து மேலே அக்ரிலிக் தகடு போட்டோம். குளியலறை ஓரங்களுக்குப் பூசும் சிலிகோன் பசையைக் கொண்டு சுற்றிலும் ஓர் எறும்புகூட நுழையாதபடி அடைத்தோம். அடைத்தபோது அறையெல்லாம் வினிகர் வாடை அடித்தது. அந்த வாடை ஓர் எச்சரிக்கை என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியாது. நல்ல வெயிலில் மீட்டர் 21 வோல்ட் காட்டியது, மின்னோட்டம் 3.3 ஆம்பியர். கொட்டகையில் விளக்கு எரிந்தது. தலைமையாசிரியை சிஸ்டர் அவர்கள் கை தட்டினார்கள்.

அந்த ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து போனது அனைவரும் அறிந்ததே. பள்ளி திறந்த பிறகு பார்த்தால் விளக்கு மங்கலாக எரிந்தது. ஜனவரி மாதத்தில் அடியோடு நின்றுவிட்டது. வியப்பு என்னவென்றால், மீட்டரை வைத்துப் பார்த்தபோது அது 20 வோல்ட் காட்டியது! வோல்ட் இருக்கிறது, விளக்கு இல்லை. மின்னோட்டத்தை அளந்து பார்த்தோம்; நண்பகல் வெயிலிலும் 1 ஆம்பியருக்குக் கீழே. தண்ணீர்த் தொட்டி நிறைய நீர் இருந்தும் குழாயில் துரு அடைத்துக்கொண்டால் எப்படிச் சொட்டுமோ, அதே நிலை. பேனலைச் சோதிப்பவர்கள் வோல்ட்டை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது என்பதை அன்றுதான் கற்றோம்.

பெட்டியைத் திறந்தோம். உள்ளே ஒரு கீழ் மூலையில் தண்ணீர் தேங்கி நின்ற கறை. பிளைவுட் உப்பி, அதனோடு ஒட்டியிருந்த கலங்களில் விரிசல். செம்புக் கம்பிகளின் மேல் பித்தளைப் பாத்திரத்தில் பிடிக்கும் களிம்பு போன்ற பச்சை. ஈயம் பற்றவைத்த இடங்கள் வெளுத்து, தொட்டவுடன் இரண்டு கம்பிகள் கையோடு வந்துவிட்டன. பள்ளிக்கு மின்வேலை செய்ய வரும் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன பாப்பா, மூச்சு விட வழியே இல்லாம அடைச்சிட்டீங்களே! இவ்வளவு இறுக்கினா தண்ணி உள்ள போவாதுன்னு யாரும்மா சொன்னது? போன தண்ணி வெளிய வராதுன்னு வேணா சொல்லலாம்" என்றார். அவர் சொன்ன ஒரு வாக்கியத்துக்குள் பாடம் முழுவதும் இருந்தது.

நாங்கள் செய்த பெட்டி 13 லிட்டர் காற்றைக் கொள்ளும். பகல் வெயிலில் உள்ளே 65 டிகிரி வரை சூடேறும். இரவில் 25 டிகிரிக்கு இறங்கும். சூடான காற்று விரியும், குளிர்ந்த காற்று சுருங்கும் என்பதை எட்டாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். இந்த 40 டிகிரி வேறுபாட்டுக்கு, உள்ளிருக்கும் காற்றில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு பகலில் வெளியே போக முயலும். இரவில் அதே அளவு உள்ளே வர முயலும். ஊசிமுனை அளவு ஓட்டை கிடைத்தால் போதும். ஆக, நாம் எவ்வளவு அடைத்தாலும் பெட்டி நாள்தோறும் ஒரு முறை மூச்சு விடுகிறது! இரவில் உள்ளே இழுக்கும் காற்று ஐப்பசி, கார்த்திகை மாதத்துத் தாம்பரம் காற்று. அதில் எவ்வளவு ஈரம் இருக்கும் என்று கணக்குப் போட்டோம். ஓர் இரவுக்கு ஒரு துளிக்குச் சற்றுக் குறைவாக வந்தது. ஒரு துளிதானே என்று எண்ணலாம். பகலில் அது முழுவதும் வெளியேறிவிட்டால் கவலையில்லை. ஆனால் பிளைவுட் அதைக் குடித்து வைத்துக்கொள்கிறது. விடியற்காலையில் அக்ரிலிக்கின் உட்புறத்தில் பனித்துளியாகப் படிகிறது. வழிந்து கீழே சேர்கிறது. உப்பு ஜாடியின் இரகசியமும் ஏறக்குறைய இதுவே.

எங்களுக்கு ஊசிமுனை ஓட்டை எப்படி உண்டாயிற்று? அக்ரிலிக்தான் காரணம். முக்கால் மீட்டர் நீளமுள்ள அக்ரிலிக் தகடு 40 டிகிரி சூடேறினால் 2 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதே நீளமுள்ள கண்ணாடி கால் மில்லிமீட்டர் அளவே நீளும். நாள்தோறும் 2 மில்லிமீட்டர் இழுத்து இழுத்துவிட்டால் எந்தப் பசைதான் தாங்கும்? ஓரத்தில் பசை கிழிந்த இடத்தில் புயல் மழையும் நேரே நுழைந்துவிட்டது.

அடுத்து அந்த வினிகர் வாடை. குளியலறைப் பசைகளில் பலவும் உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். வினிகரில் உள்ள அமிலமும் அதுவே. திறந்த இடத்தில் பூசினால் காற்றோடு போய்விடும். மூடிய பெட்டிக்குள் அது எங்கே போகும்? ஈரத்தோடு கலந்து செம்பையும் ஈயப்பற்றையும் அரித்துத் தின்றது. இதற்கென்றே அமிலம் விடாத நடுநிலைப் பசைகள் கடைகளில் இருக்கின்றன. குழாயின் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்கினால் போதும், நாங்கள் படிக்கவில்லை.

இந்தத் தொல்லை எங்களுக்கு மட்டும் வந்ததன்று என்பதை நூலகத்தில் தேடியபோது அறிந்தோம். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவரும் உருவாக்கிய சிலிக்கான் சூரியக் கலம் 1954 ஏப்ரலில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. தன்மேல் விழுந்த ஒளியில் 6 சதவீதத்தை அது மின்சாரமாக்கியது. நான்கு ஆண்டுகளுக்குள், 1958 மார்ச்சில், வான்கார்டு 1 என்ற சிறு செயற்கைக்கோளில் சூரியக் கலங்கள் விண்வெளிக்குச் சென்றன. அதன் ஒலிபரப்பி 1964 வரை பேசியது. விண்வெளியில் கதிர்வீச்சு உண்டு, கடும் வெப்பமும் குளிரும் உண்டு; ஆனால் மழையில்லை, பனியில்லை, உப்புக் காற்றும் இல்லை. விண்வெளியில் ஆறு ஆண்டுகள் உழைத்த பொருளைத் தரைக்குக் கொண்டுவந்தபோதுதான் ஈரம் என்னும் புதிய எதிரி எதிர்ப்பட்டது!

1970-களில் தரையில் வைத்த பேனல்கள் பலவற்றில் கலங்களைச் சிலிகோன் ரப்பருக்குள் பதித்தனர். (சிலிக்கான் வேறு, சிலிகோன் வேறு. முன்னது கலம் செய்யும் தனிமம். பின்னது அதிலிருந்து பிறந்த ரப்பர் போன்ற பொருள். தேர்வில் மாற்றி எழுதி மதிப்பெண் இழந்தவர்கள் நம்மிடையே உண்டு.) இங்கேதான் எங்களைத் திகைக்க வைத்த செய்தி ஒன்று கிடைத்தது. சிலிகோன் ரப்பர் நீராவியைத் தடுக்கவே தடுக்காது! நீராவி அதனூடே எளிதாகப் போய் வரும். அப்படியிருந்தும் அதற்குள் பதித்த கலங்கள் பல்லாண்டு நலமாக இருந்தன. எப்படி? அது கலத்தின் ஒவ்வொரு புள்ளியோடும் இடைவெளியின்றி ஒட்டிக்கொள்கிறது. நீராவி உள்ளே வந்தாலும் துளியாகத் திரண்டு நிற்க அங்கே இடம் கிடையாது. துளி இல்லையேல் அரிப்பும் மிகக் குறைவு. நாங்களோ பெட்டியைச் சுற்றி மதில் கட்டிவிட்டு, உள்ளே ஓர் அங்குல வெற்றிடத்தை ஈரத்துக்குத் தங்குமடமாகத் திறந்து வைத்திருந்தோம்.

தொழிற்சாலைகளில் பரவலாகப் பயன்படுவது எத்திலீன் வினைல் அசிட்டேட், சுருக்கமாக ஈ.வி.ஏ. என்னும் தாள். 1975 முதல் 1986 வரை அமெரிக்காவில் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடம் நடத்திய பெருந்திட்டத்தில் பல பொருள்களைச் சோதித்து இதனை வளர்த்தெடுத்தனர். கண்ணாடி, அதன்மேல் ஈ.வி.ஏ. தாள், அதன்மேல் கலங்கள், மறுபடியும் தாள், கடைசியில் முதுகுத்தாள் என்று அடை அடையாக அடுக்கி, காற்றை முழுவதும் உறிஞ்சி எடுத்துவிட்டு, ஏறக்குறைய 150 டிகிரியில் அழுத்திச் சுடுகிறார்கள். தாள் உருகி, கண்ணாடி போலத் தெளிந்து, பிறகு மறுபடி உருகாதபடி இறுகிவிடும். இந்தியாவில் சாகிபாபாத்தில் உள்ள மத்திய மின்னணு நிறுவனம் 1977-ல் முதல் சூரியக் கலத்தையும் 1978-ல் முதல் பலகையையும் செய்தது. ஈ.வி.ஏ.வும் குறையற்றதன்று. கலிபோர்னியாவின் கரிசோ சமவெளியில் 1980-களில் அமைத்த மின்நிலையத்தில், கண்ணாடிகளைக் கொண்டு கூடுதல் வெயிலைப் பாய்ச்சியதால் அது தேநீர் நிறமாகப் பழுத்துப்போயிற்று.

பெண்களாகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டும். இராஜஸ்தான் மாநிலத்தில் டுங்கர்பூர் என்ற ஊரில், மும்பை ஐ.ஐ.டி.யின் துணையோடு 2017-ல் தொடங்கிய சூரியப் பலகைத் தொழிற்சாலையில், பழங்குடிப் பெண்களே பங்குதாரர்கள், பெண்களே தொழிலாளர். அதிகம் பள்ளி சென்றிராதவர்கள் பலர், நாங்கள் 7 கலங்களை உடைத்த அதே வேலையைத் திறம்படச் செய்கிறார்கள்!

இதைப் படித்த உற்சாகத்தில் நாங்களும் ஒரு துண்டு ஈ.வி.ஏ. தாள் வாங்கி, மடத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பார்த்தோம். இரண்டு கலங்களுக்குள் ஐம்பது குமிழிகள். காற்றை உறிஞ்சும் கருவி இல்லாமல் இது கைகூடாது. ஒவ்வொரு குமிழியும் ஈரத்துக்கு ஒரு சிறு அறை அல்லவா? இஸ்திரிப் பெட்டியைத் துடைத்துத் திருப்பிக் கொடுக்க அரை நாள் ஆயிற்று. எப்பாக்ஸி பிசினும் யோசனைக்கு வந்தது. அது வெயிலில் மஞ்சளாகும். இறுகிய பின் வளைந்து கொடுக்காது. சிலிக்கான் மிகக் குறைவாகவே விரியும். எப்பாக்ஸி அதைவிடப் பல மடங்கு விரியும். இரண்டையும் கெட்டியாகப் பிணைத்தால் இடையில் கலம்தான் உடையும்.

ஆகவே 2024 ஜூலையில் இரண்டாவது பலகையை வேறு வழியில் செய்தோம். 4 மில்லிமீட்டர் கடினப்படுத்திய கண்ணாடியை மட்டமான மேசையில் வைத்து, இரண்டு பாகமாகக் கலக்கும் தெளிந்த சிலிகோனை அரை லிட்டர் மெதுவாக ஒரு மூலையிலிருந்து ஊற்றினோம். கோத்த கலங்களை முகம் கீழாக, ஒரு பக்கத்திலிருந்து சாய்த்துச் சாய்த்து இறக்கினோம், காற்று முன்னே ஓடிப்போகும்படி. பிறகு முதுகிலும் ஒரு பூச்சு. கலங்களைவிட இந்தத் திரவத்துக்குத்தான் அதிகப் பணம் செலவாயிற்று. மன்றத்தின் பழைய காகித விற்பனைப் பணம் முழுவதும் போயிற்று. இதில் ஒரு நுட்பம் உண்டு. இவ்வகைச் சிலிகோன் சில பொருள்கள் பட்டால் இறுகாமல் பிசுபிசுவென்றே இருந்துவிடும். ரப்பர் கையுறையில் உள்ள கந்தகமும், பற்றவைக்கும்போது பூசும் பிளக்ஸின் மிச்சமும் அத்தகையவை. ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஒவ்வொரு பற்றையும் துடைத்துவிட்டே ஊற்றினோம்.

மரத்தை அறவே விட்டுவிட்டு அலுமினியச் சட்டம் போட்டோம். மரத்தை விட்டதற்கு ஈரம் மட்டும் காரணமன்று. தொடரில் உள்ள ஒரு கலத்தின்மேல் தென்னங்கீற்றின் நிழல் விழுந்தால், மற்றக் கலங்கள் தள்ளும் மின்சாரம் அந்த ஒன்றில் தடைப்பட்டு அதனைச் சுட்டெரிக்கும். அரித்துப்போன பற்றிலும் இதே சூடு பிறக்கும். அடியில் காய்ந்த பிளைவுட் இருந்தால் தீப்பிடிக்கக்கூடும். எங்கள் முதல் பலகை எரியாமல் போனது நல்வாய்ப்பு என்றுதான் சொல்ல வேண்டும். இம்முறை 18 கலங்களுக்கு ஒன்றாக மாற்றுவழி டையோடுகள் இரண்டும், பேட்டரி அருகே ஒரு ஃபியூஸும் வைத்தோம். முதுகுப்புறம் மூடியின் அடிப்பக்கத்தில் மட்டும் நீர் வடியவும் காற்றோடவும் இரண்டு துளைகள் இட்டு, எறும்பும் குளவியும் கூடு கட்டாதபடி கொசுவலை ஒட்டினோம். மின்வேலை அண்ணன் வெளிக்கம்பியை ஒருமுறை தொங்கவிட்டு வளைத்து மேலேற்றி மாட்டித் தந்தார். கம்பி வழியே வரும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இணைப்புப் பெட்டிக்கு ஏறாது. தெற்கு நோக்கி 13 டிகிரி சாய்வு. அது நம் ஊரின் அட்சரேகை. அச்சாய்வில் மழையே தூசியைக் கழுவிவிடும்.

ஒரு சொல். கைப்பட விளக்கு எரிக்கவும் கற்கவும் இது போதும். வீட்டு மின்சாரத்தோடு இணைக்கும் பேனலை வீட்டில் செய்யக் கூடாது. ஐ.இ.சி. 61215 என்னும் தரச்சோதனையில் பேனலை 85 டிகிரி வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் 1000 மணி நேரம் வேகவைக்கிறார்கள். நீலாங்கரை, கோவளம் போலக் கடலோரத்தில் இருப்போர் 61701 என்னும் உப்புமூடுபனிச் சோதனையும் தேறியதா என்று கேட்டு வாங்குவது நல்லது. உங்கள் வீட்டு மாடியில் ஏற்கெனவே பேனல் இருந்தால் காலை வெயிலில் அருகில் சென்று பாருங்கள். ஓரங்களில் குமிழி, கலத்தின்மேல் நத்தை ஊர்ந்தது போன்ற கோடு, பழுப்பு நிறம், முதுகுத்தாளில் வெடிப்பு இவற்றில் ஏதேனும் கண்ணில் பட்டால் அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லிப் பொருத்தியவர்களை அழைக்கச் சொல்லுங்கள். நீங்களே கழற்றிப் பார்க்க வேண்டாம். வெயில் இருக்கும்வரை அதில் மின்சாரம் இருக்கும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. திங்களன்று பள்ளிக்கு விடுமுறை என்ற செய்தியைவிட, பலகை என்ன ஆயிற்றோ என்ற நினைப்பே எங்களுக்குப் பெரிதாக இருந்தது. மழை விட்டு நல்ல வெயில் வந்ததும் அளந்தோம். மின்னோட்டம் 3.1 ஆம்பியர். பொருத்திய நாளில் 3.2. நான்காம் வரிசையின் கடைசிக் கலத்தருகே மிளகு அளவில் ஒரு குமிழி மட்டும் இருக்கிறது. நாங்கள் ஊற்றியபோதே தங்கிவிட்டது அது. பெரிதாகிறதா என்று பார்க்க அதைச் சுற்றிக் கண்ணாடியின்மேல் மார்க்கரால் வட்டமிட்டிருக்கிறோம். நாங்கள் பொதுத்தேர்வுக்குப் படிக்கத் தொடங்கிவிட்டதால், வெள்ளிக்கிழமைதோறும் நண்பகலில் அளந்து நோட்டில் எழுதும் வேலையைப் பிளஸ் ஒன் தங்கைகள் ஏற்றுக்கொண்டுள்ளனர். நோட்டும் மீட்டரும் இயற்பியல் ஆய்வகத்தில் இரண்டாவது அலமாரியில் இருக்கின்றன.